பனியாறும் பொய்க் கல்யாணமும்: ‘வே டவுன் ஈஸ்ட்’ (1920)

‘வே டவுன் ஈஸ்ட்’ என்றதும் பழைய படங்கள் பார்க்கிறவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு காட்சி. பாளம் பாளமாக உடைந்து ஓடும் ஆற்றுப் பனி. ஒரு பாளத்தின் மேல் மயங்கிக் கிடக்கும் பெண். அவளது கையும் கூந்தலும் தண்ணீரில் இழுபடுகின்றன. சற்றுத் தள்ளி அருவி. டி. டபிள்யூ. கிரிஃபித் 1920இல் எடுத்த இந்த மௌனப் படம் சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும். ஆற்றுக் காட்சி வருவது கடைசியில்தான். அதற்கு முன்னால் இருக்கும் நீண்ட படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றாள் என்று ஊர் துரத்தும் ஒருத்தியின் கதை அது.

ஊர் அப்படிச் சொல்கிறதே தவிர, அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மோதிரம் இருந்தது, பாதிரியார் இருந்தார், சாட்சிகளும் இருந்தார்கள். மோதிரத்தைத் தவிர மற்ற எல்லாமே பொய். ஆற்றையும் பனியையும்விட இந்தப் பொய்க் கல்யாணம்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்பது என் கட்சி. இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் கர்ப்பத்தைவிடப் பெரிய கேள்வி சாட்சிதான்: யார் பார்த்தார்கள், யார் வந்து சொல்வார்கள்?

கதை சுருக்கமாக இது. அன்னா மூர், தாயோடு கிராமத்தில் வறுமையில் வாழும் பெண். உதவி கேட்டு பாஸ்டனில் இருக்கும் பணக்கார உறவினர் வீட்டுக்குப் போகிறாள். அங்கே லெனாக்ஸ் சாண்டர்சன் என்ற பணக்கார வாலிபன் கண்ணில் படுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான்; ஆனால் அப்பாவின் பணத்தை நம்பியிருப்பதால் கொஞ்ச நாள் ரகசியமாக இருக்கட்டும் என்கிறான். நண்பனை வைத்து ஒரு போலிப் பாதிரியை ஏற்பாடு செய்து சடங்கை நடத்துகிறான். அன்னா கர்ப்பமாகி, இனி ஊருக்குச் சொல்லலாமே என்று கேட்கும்போது உண்மை வெளியே வருகிறது. தாயும் இறந்துபோகிறாள். யாரும் தெரியாத பெல்டன் என்ற ஊரில் ஒரு வாடகை அறையில் பிள்ளை பெறுகிறாள். பிள்ளை இறக்கிறது. புருஷன் எங்கே என்று கேட்டு வீட்டுக்காரி வெளியே அனுப்புகிறாள். நடந்தே போய் பார்ட்லெட் குடும்பத்தின் பண்ணையில் வேலைக்குச் சேர்கிறாள். அந்த வீட்டு மகன் டேவிட் அவளை விரும்புகிறான். அடுத்த பண்ணைக்குச் சொந்தக்காரன் யார் என்று பார்த்தால், அதே லெனாக்ஸ்.

இது சினிமாவுக்காகப் புதிதாக எழுதிய கதை இல்லை. லாட்டி பிளேர் பார்க்கர் எழுதி, ஜோசப் கிரிஸ்மர் செப்பனிட்டு, வில்லியம் பிரேடி மேடையேற்றிய நாடகம். 1898இல் நியூயார்க்கில் அரங்கேறி, இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்கச் சிற்றூர்களிலெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் உரிமைக்கு கிரிஃபித் கொடுத்ததாகச் சொல்லப்படும் தொகை 1,75,000 டாலர். 1915இல் அவர் எடுத்த பிரம்மாண்டப் படத்தின் மொத்தச் செலவையே இது தாண்டும். ஊருக்கெல்லாம் வசனம் மனப்பாடமாகிவிட்ட ஒரு பழைய நாடகத்துக்கு இவ்வளவா? கிரிஃபித்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே தாங்கள் எல்லோரும் உள்ளுக்குள் நினைத்ததாக, அன்னாவாக நடித்த லில்லியன் கிஷ் பிற்பாடு எழுதினார்.

கிரிஃபித் நாடகத்தில் செய்த பெரிய மாற்றம் ஆற்றைச் சேர்த்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். மேடையில் அன்னா பனிப்புயலுக்குள் போவாள், டேவிட் தேடிக் கண்டுபிடிப்பான், அவ்வளவுதான். பனியாற்றைத் தாண்டும் காட்சி அடிமைப் பெண் ஒருத்தியின் கதையாக வேறொரு நாடகத்தில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது; அங்கிருந்து இங்கே வந்தது. ஆனால் அதைவிட முக்கியமான மாற்றம் கதையின் வரிசையில் இருக்கிறது. நாடகம் பண்ணை வீட்டில் தொடங்கும். யாரோ ஒரு பெண் வேலை கேட்டு வருவாள். அவளுக்கு என்ன நடந்தது என்பது போகப் போகத்தான் தெரியும். அதாவது நாடகம் பார்ப்பவரும் முதலில் ஊராரின் இடத்தில்தான் நிற்கிறார். அவள் பேச்சை நம்பலாமா வேண்டாமா என்று அவருக்கும் ஒரு கணம் தோன்றலாம். கிரிஃபித் அந்தக் கடந்த காலத்தை எடுத்துப் படத்தின் தலையில் வைத்தார். பாஸ்டன், கல்யாணம், துரோகம், பிரசவம், சாவு எல்லாவற்றையும் நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். பண்ணைக்கு அவள் வந்து சேரும்போது அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு நல்ல சாட்சிதான் உண்டு. அது திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, வாய் திறக்க வழியில்லாமல். பிறகு வரும் பதற்றம் முழுக்க அதிலிருந்துதான் பிறக்கிறது.

கல்யாணக் காட்சியைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். கேலிக்கூத்தாக எடுத்திருந்தால் நாம் அன்னாவை ஏமாளி என்று சொல்லிவிடுவோம். கிரிஃபித் அதை உண்மையான கல்யாணம் போலவே எடுக்கிறார். அன்னாவின் முகத்தில் பக்தி இருக்கிறது. அவளது குளோசப்புகளில் ஓரங்கள் மங்கி, முகம் மட்டும் தனியே ஒளிர்வது போலத் தெரியும். ஹென்ட்ரிக் சார்தோவ் என்ற ஒளிப்பதிவாளரின் கைவேலை அது. முழுக்கத் திருத்தப்படாத எளிய வில்லையைப் போட்டு, அந்த மென்மையைப் படத்துக்குப் படம் கிஷ்ஷுக்காகவே உருவாக்கினார். கிரிஃபித்தின் நீண்டநாள் ஒளிப்பதிவாளரான பில்லி பிட்சருக்கு இந்த மங்கல் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். இங்கே அது வெறும் அழகுக்காக இல்லை. அவள் அந்தச் சடங்கை எப்படிப் பார்க்கிறாள் என்பதை வில்லையே சொல்லிவிடுகிறது. லெனாக்ஸாக நடித்த லோவெல் ஷெர்மனும் மீசை முறுக்கும் வில்லனாக நடிக்கவில்லை. லேசாக அலுத்துப்போன, பழகிய ஆளாக நிற்கிறார். அதுதான் இன்னும் கொடுமை.

மோதிரம் போடும் நேரத்தில் அது கை தவறித் தரையில் விழுகிறது. உடனே படம் வேறொரு வீட்டுக்குத் தாவுகிறது. எங்கோ ஒரு பண்ணையில் டேவிட் கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு எழுகிறான். அவன் அவளை அதுவரை பார்த்ததே இல்லை. காரண காரியம் பார்த்தால் இந்த வெட்டுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. நம்மூர்ப் படங்களில் தாலி தவறி விழுந்தால் எங்கோ விளக்கு அணைவது போன்ற சங்கதிதான். ஆனால் அந்த அறையில் நல்ல மனசோடு இருப்பவர் ஒருவரும் இல்லை என்பதால், படமே ஓடிப்போய் ஒருவனை எழுப்புகிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த வெட்டு இது.

தொல்காப்பியத்தில் ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம்’ என்று வருகிறது. களவில் கூடிவிட்டு இல்லை என்று சாதிப்பவர்கள் வந்ததால்தான் ஊரறிந்த சடங்கு ஏற்பட்டது என்பது அதன் கணக்கு. லெனாக்ஸ் அதைத் தலைகீழாக்குகிறான். பொய்யைத் தடுக்க வந்த கரணத்தையே பொய் சொல்லும் கருவியாக்கிவிட்டான். சாட்சிகள் எல்லோரும் அவன் ஆட்கள். துஷ்யந்தன் மறந்துபோனான் என்றால் சகுந்தலைக்கு மோதிரமாவது பேசியது. அன்னாவின் மோதிரம் யாரிடமும் எதையும் நிரூபிக்காது.

இங்கே சட்டக்காரர்கள் சிரிக்கும் ஒரு விஷயம் உண்டு. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பழைய சட்டப் பிரிவு இருக்கிறது. கல்யாணத்தை நடத்தியவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பிறகு தெரியவந்தாலும், மற்ற எல்லா வகையிலும் முறையாக இருந்து, இருவரில் ஒருவராவது அதை உண்மையான கல்யாணம் என்று முழுதாக நம்பி வாழ்ந்திருந்தால், அந்தக் காரணத்துக்காக அது செல்லாமல் போகாது. கல்யாணம் அந்த மாநில எல்லைக்குள்தான் நடந்தது என்று வைத்துக்கொண்டால், அன்னா ஒரு வக்கீலைப் பார்த்திருந்தால் லெனாக்ஸின் பாடு திண்டாட்டம்தான். போலிப் பாதிரியை வைத்துப் பெண்ணை ஏமாற்றுவது கதைகளில் மட்டும் நடந்த காரியமாக இருந்திருந்தால் இப்படி ஒரு பிரிவுக்கு வேலையே இருந்திருக்காது. மெலோடிராமா என்ற இந்த மிகையுணர்ச்சிக் கதை வகையின் எழுதாத விதிகளில் ஒன்று, கதாநாயகி வக்கீல் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது.

அடுத்து அந்த அறை. பெல்டனில் வாடகை வீட்டின் ஒரு மூலை. கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை. ஞானஸ்நானம் ஆகாமல் செத்தால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரி பயமுறுத்திவிட்டுப் போகிறாள். தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளைக்கு எந்தப் பாதிரியைக் கூப்பிடுவது? அன்னா ஒரு கிண்ணத்தில் தண்ணீரை எடுத்து, தானே பிள்ளையின் தலையில் தெளித்து, தானே பெயர் வைக்கிறாள்: டிரஸ்ட் லெனாக்ஸ். முதல் பாதி நம்பிக்கை, இரண்டாம் பாதி அதைக் கொன்றவன். இனி அவள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளையின் சில்லிட்ட கைகால்களை ஊதி ஊதித் தேய்க்கிறாள். டாக்டர் வந்து, பிள்ளை போய்விட்டது என்கிறார். கிஷ் உடனே அழுவதில்லை. முதலில் அந்த வார்த்தை அவள் காதில் ஏறவே இல்லை என்பது போல உட்கார்ந்திருக்கிறார். அலறல் பிறகுதான் வருகிறது. மௌனப் படம் என்பதால் சத்தம் கேட்காது, கேட்கவும் வேண்டாம்.

கத்தோலிக்கம் தொடங்கிப் பல கிறிஸ்தவ சபைகளில், சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும் திரித்துவத்தின் பெயரும் போதும், பட்டம் பெற்ற குரு வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் இந்தப் படத்தில் இரண்டு சடங்குகள் எதிரெதிரே நிற்கின்றன. பாதிரி, மோதிரம், சாட்சி எல்லாம் குறைவில்லாமல் வைத்து நடந்தது பொய். ஒன்றும் இல்லாமல், ‘கெட்டுப்போனவள்’ ஒருத்தி வாடகை அறையில் செய்தது செல்லும். மௌனப் படத்தில் காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்தட்டை போட்டு கிரிஃபித் இதை விளக்கவில்லை. மற்ற இடங்களில் விளக்கித் தள்ளும் மனிதர் இங்கே மட்டும் கேமராவை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இவற்றில் பொய்க் கல்யாணத்தைப் பிடுங்கினால் படம் என்ன ஆகும் என்பதற்குச் சோதனையே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அப்போது தணிக்கை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சினிமா ஒரு வியாபாரம், அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்திருந்தது. 1952 வரை அதுவே நிலைமை. மாநில வாரியங்களில் கறாருக்குப் பேர்போனது பென்சில்வேனியா. பிள்ளைக்கு உடுப்பு தைப்பது போன்ற, பிரசவத்தை நினைவூட்டும் காட்சிகூட அங்கே கத்தரிக்குத் தப்பாது. ‘வே டவுன் ஈஸ்ட்’டில் அந்த வாரியம் 60க்கும் மேற்பட்ட வெட்டுகள் கேட்டது. பொய்க் கல்யாணம் போயிற்று, முதலிரவு போயிற்று, கர்ப்பத்தின் ஜாடைகள் அத்தனையும் போயின. அந்த மாநிலத்துப் பிலடெல்பியாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்குத் திடீரென்று ஒரு பிள்ளை வந்து, வந்த வேகத்தில் செத்தும் போயிருக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதிலில்லை.

வாரியம் நினைத்தது ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று. நடந்தது நேர் எதிர். ஏமாற்றப்பட்டாள் என்பதற்கு அத்தாட்சியாக இருந்த காட்சியை எடுத்துவிட்டால், மிச்சமிருப்பது கல்யாணமும் இல்லாமல் காரணமும் இல்லாமல் பிள்ளை பெற்ற ஒருத்தி. கிரிஃபித் சிரமப்பட்டுக் கூண்டில் ஏற்றிய சாட்சியை வாரியம் இறக்கிவிட்டது. படம் பார்த்தவர்கள் மறுபடி ஊராரோடு போய் நின்றார்கள்.

பண்ணை வீட்டில் சாட்சி வேறு விதமாகச் சுற்றி வருகிறது. பெல்டன் வீட்டுக்காரி மரியா பூல் தற்செயலாக இந்த ஊருக்கு வந்து அன்னாவைப் பார்த்துவிடுகிறாள். ஊர் வம்புக்காரி மார்த்தா காதில் அது விழுகிறது. மார்த்தா வீட்டுத் தலைவர் ஸ்க்வயர் பார்ட்லெட்டிடம் போட்டுக்கொடுக்கிறாள். ஸ்க்வயர் வேதப் புத்தகமும் கண்டிப்புமான மனிதர், ஆனால் கேட்டதை நம்பி ஆடும் ஆளில்லை. நேரில் பெல்டன் போய் விசாரிக்கிறார். பிள்ளை பிறந்தது உண்மை, புருஷன் இல்லாதது உண்மை. அத்தோடு விசாரணையை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் கதவைக் காட்டுகிறார். அதே மேசையில் விருந்தாளியாக லெனாக்ஸ் உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு கண்டுபிடித்தவர் மீதியையும் கண்டுபிடித்திருக்கலாமே என்று அன்னா கேட்டு, அவன் பக்கம் விரலை நீட்டுகிறாள். படம் முழுக்கக் குனிந்த தலையோடு இருந்த கிஷ் இங்கே நிமிர்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். வார்த்தை முடிந்ததும் பனிப்புயலுக்குள் போய்விடுகிறாள்.

அந்தப் புயல் நிஜம். படத்தின் பெரும்பகுதி நியூயார்க் அருகே மமாரொனெக்கில், கடலோரத்தில் கிரிஃபித் வாங்கிப்போட்டிருந்த ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. 1920 மார்ச்சில் நிஜமாகவே பனிப்புயல் அடித்தபோது எல்லோரையும் வெளியே இழுத்துக்கொண்டு போனார். காற்றில் கேமரா நிற்கவில்லை. மூன்று பேர் தரையில் படுத்து முக்காலியின் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைய கேமராக்கள் கையால் சுழற்றும் வகை. குளிரில் உள்ளே இருக்கும் எண்ணெய் இறுகினால் கைப்பிடி சுழலாது, சுழன்றாலும் ஒரே வேகத்தில் சுழலாது. வேகம் மாறினால் திரையில் அசைவு துள்ளும். அதற்காகக் கேமராவுக்கு அடியில் சின்னதாக நெருப்பு மூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் எளிதில் பற்றிக்கொள்ளும் சரக்கு. அதன் காலடியில் தீ. நெருப்பு இல்லாவிட்டாலும் குளிரில் ஃபிலிம் மொறுமொறுவென்று ஆகி முறியும்; காய்ந்த காற்றில் நிலைமின்சாரம் பொறிந்து நெகட்டிவில் கிளை கிளையாகக் கோடு விழும்.

வெளிச்சத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அப்போதைய ஃபிலிம் சிவப்பைப் பார்க்காது, நீலத்தை அளவுக்கு மீறிப் பார்க்கும். வானமும் பனியும் ஒரே வெள்ளையாக வெளிறிப்போகும். நடுவில் ஒரு வெளுத்த முகம் இருந்தால் அதுவும் அந்த வெள்ளைக்குள் கரைந்துவிடும். கிஷ்ஷின் இமைகளில் பனி உறைந்து சின்னச் சின்ன ஊசியாகத் தொங்கியபோது, அந்த முகத்தை எடு என்று கிரிஃபித் பிட்சரிடம் கத்தினார் என்பது பிரபலமான கதை. பார்வைக்குக் கதாநாயகியின் அவஸ்தை. ஒளிப்பதிவுக்கு, முகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் கோடுகள்.

ஆற்றுப் படப்பிடிப்பு வெர்மான்ட் மாநிலத்தின் ஒயிட் ரிவர் ஜங்ஷனில். இங்கே வந்த தொல்லை எதிர்பாராதது: பனி அதிகம். ஆறு கெட்டியாக உறைந்து கிடந்ததால் மிதக்கும் பாளமே இல்லை. ரம்பத்தால் அறுத்தும், அறுபடாத இடத்தில் வெடி வைத்தும் பாளங்களை உண்டாக்க வேண்டியிருந்தது. டூப் கிடையாது. கிஷ் பாளத்தில் படுத்தார். டேவிட்டாக நடித்த ரிச்சர்ட் பார்த்தெல்மஸ் கனமான ரோமக் கோட்டோடு பாளத்துக்குப் பாளம் தாவினார். கோட்டு குளிருக்கு நல்லது, தண்ணீரில் விழுந்தால் எமன்.

கையையும் கூந்தலையும் தண்ணீரில் தொங்கவிடும் யோசனை கிஷ்ஷுடையது. ஒரு நாளைக்கு இருபது தடவை, மூன்று வாரம் பாளத்தில் படுத்ததாகப் பிற்பாடு எழுதினார். கூந்தல் உறைந்து விறைத்தது. அந்தக் கை கடைசிவரை முழுதாகச் சரியாகவில்லை. கிரிஃபித்தின் முகத்தில் ஒரு பக்கம் பனிக்கடி. அந்த யோசனை ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? தூரத்திலிருந்து பார்த்தால் பாளத்தின் மேல் கிடப்பது ஒரு கறுப்புப் பொட்டலம். ஆளா துணியா என்று தெரியாது. கை தண்ணீரில் இழுபடும்போதுதான் அது மனித உடம்பு என்பதும், தண்ணீர் எந்த வேகத்தில் போகிறது என்பதும் ஒரே நேரத்தில் புரிகிறது. ஓட்டத்தை அளந்து காட்டும் கருவி அந்தக் கைதான்.

வெர்மான்ட்டில் எடுத்த அந்த இடத்தில் அருவி இல்லை. அருவி கனெக்டிகட் மாநிலத்தின் ஃபார்மிங்டனில் எடுத்தது, அதுவும் குளிர்காலம் போன பிறகு. விளிம்பில் போய் விழும் ‘பனி’ மரத்தால் செய்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒட்டு தெரியும்: வெளிச்சம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது, தண்ணீரின் நிறமும் வேறு. முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நின்று பார்க்க விடுவதில்லை. பாளம், அருவி, ஓடும் டேவிட், மறுபடி பாளம் என்று மாற்றி மாற்றிப் போகப் போகத் துண்டுகள் குறுகுகின்றன. அருவி எவ்வளவு தூரம் என்பதைக் கிரிஃபித் ஒரே ஷாட்டில் காட்டுவதே இல்லை. காட்டியிருந்தால் அது சின்ன அருவி என்பதும் தெரிந்திருக்கும். சோவியத் சினிமாக்காரர்கள் இந்தப் பகுதியை எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு 1926இல் வந்த புதோவ்கினின் ‘தாய்’ படத்தில் ஆற்றுப் பனி உடையும் முடிவையே அத்தாட்சியாகச் சொல்வார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பண்ணை வீட்டு நகைச்சுவை, அதிலும் ஞாபகமறதிப் பேராசிரியர் வரும் இடங்கள், இன்றைக்குத் தாங்காது. மேடையில் கைதட்டல் வாங்கிய பழக்கத்தில் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். படத்தின் தொடக்க எழுத்தட்டைகள் ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறியைப் பிரசங்கம் செய்கின்றன. அதற்கும் பின்னால் வரும் படத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை, தணிக்கைக்காரருக்கு எழுதிய மனுவாகவே படிக்கலாம். படப்பிடிப்பின் நடுவில் துயரமும் நடந்தது. வீட்டுப் பெண் கேட் வேடத்தில் நடித்துக்கொண்டிருந்த கிளாரின் சீமோர் 1920 ஏப்ரலில் திடீரென்று நோயுற்று இறந்தார். மேரி ஹே அந்த வேடத்துக்கு வந்தார். செப்டம்பர் 3ஆம் தேதி நியூயார்க்கின் 44ஆம் தெரு அரங்கில் படம் வெளியானது. கிரிஃபித்துக்கு அதற்குப் பிறகு இவ்வளவு பெரிய வசூல் வாய்க்கவில்லை.

பொய்க் கல்யாணம் என்ற உத்தி 1920களோடு பழசாகிவிட்டது. ஆனால் அது செய்த வேலையைச் செய்ய வேறொன்று வேண்டியிருந்தது. 1946இல் மிட்செல் லைசன் இயக்கிய ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ படத்தில் எந்தச் சடங்கும் கிடையாது. முதல் உலகப் போர் விமானி ஒருவனோடு ஒரு இரவு, அவன் போரில் சாகிறான், பிள்ளை பிறக்கிறது. 1934 முதல் இறுகியிருந்த ஹாலிவுட் நெறிமுறைக் கண்காணிப்பின் கீழ் இப்படி ஒருத்தியைக் கதாநாயகியாக வைப்பதற்கு விலை இருந்தது. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த இடத்தில் விட்டுவிட்டு, அவன் வளர்ந்து தானாக ‘அம்மா’ என்று கூப்பிடும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அந்த ஒற்றை வார்த்தையோடு படம் முடியும். ஒலிவியா டி ஹாவிலாண்டுக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது.

அதைத் தழுவியது என்று பரவலாகச் சொல்லப்படும் சக்தி சாமந்தாவின் ‘ஆராதனா’ 1969இல் வந்தபோது சடங்கு திரும்பி வந்துவிட்டது. வந்தனாவாக வரும் சர்மிளா டாகூரும் விமானியாக வரும் ராஜேஷ் கன்னாவும் உறவினருக்குத் தெரியாமல் கோயிலில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மழை, ஈரத் துணி, நெருப்பு, ஒரே ஷாட்டில் எடுத்த அந்தப் பாட்டு. வரிசையைக் கவனித்தால் போதும். மாலை முதலில், மழை பிறகு. விமானி செத்ததும் அவன் வீட்டார், முறைப்படி நடக்காத கல்யாணத்தை ஏற்க மாட்டோம் என்கிறார்கள். அன்னாவுக்குச் சாட்சிகள் பொய். வந்தனாவுக்குப் பேச ஆளில்லை. படம் பார்ப்பவர் இங்கேயும் வாயடைத்த சாட்சி.

தமிழில் அது 1974இல் சி. வி. ராஜேந்திரன் இயக்கத்தில் ‘சிவகாமியின் செல்வன்’ ஆனது. சிவாஜி கணேசனும் வாணிஸ்ரீயும். தமிழ்நாட்டில் அதற்குள் சட்டம் மாறியிருந்ததுதான் வேடிக்கை. சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி மாலை மாற்றினாலே போதும், புரோகிதர் வேண்டாம். ஒரே நிபந்தனை, உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில் நடக்க வேண்டும். மந்திரத்தை விட்டுக்கொடுத்த சட்டமும் சாட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு ஓட்டையில்தான் இந்த மெலோடிராமாக்கள் அத்தனையும் குடியிருக்கின்றன.

‘வே டவுன் ஈஸ்ட்’ பார்க்க நினைப்பவர்கள் பிரதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்த படம் என்பதால் இணையத்தில் பல பிரதிகள் கிடைக்கின்றன, பெரும்பாலும் மோசமானவை. 1931இல் இசை சேர்த்து மறுபடி வெளியிட்டபோது படம் சுருங்கிவிட்டது. குட்டையான பிரதிகள் பல அந்த வழியில் வந்தவை. வேறு சில, மெதுவாகச் சுழற்றி எடுத்ததை ஒலிப்படத்தின் வேகத்தில் ஓட்டுவதால் குட்டையாகின்றன. அதில் எல்லோரும் பொம்மை மாதிரி ஓடுவார்கள்; ஞானஸ்நானக் காட்சி கெட்டுப்போவது அங்கேதான், கிஷ் காத்திருக்கும் அந்த இடைவெளியே காணாமல் போகும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1980களில் மீட்டெடுத்த பிரதியில் காட்சிக்குக் காட்சி சாயம் ஏற்றியிருக்கும், கிடைக்காத துண்டுகளின் இடத்தில் நிழற்படமும் எழுத்தட்டையும் வரும். லூயிஸ் சில்வர்ஸும் வில்லியம் பீட்டர்ஸும் அன்று அமைத்த இசையோடு கிடைத்தால் நல்லது. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடும் பிரதி கண்ணில் பட்டால் தயங்காமல் மூடிவிடலாம்.